அந்த ஆறு மணி நேரம்: வீட்டுக் கல்வியும் வீட்டு நடப்பும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே படிக்க வைக்கிறோம் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "அப்போ பரீட்சை?" என்பது. அடுத்தது, "மத்த பசங்களோட பழக வேண்டாமா?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பகல் பூராவும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பொழுதை யார் பார்த்துக்கொள்வது?

பள்ளிக்கூடம் பாடம் சொல்லித் தருகிற இடம் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். பிள்ளைகளைத் தினமும் ஐந்தாறு மணி நேரம் பத்திரமாக வைத்துக்கொள்கிற இடமும் அதுதான். வேலைக்குப் போவது, வீட்டைப் பராமரிப்பது, வயதானவர்களைக் கவனிப்பது, கொஞ்சம் படுத்து எழுவது என எல்லாமே அந்த ஆறு மணி நேரத்தை நம்பித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. பள்ளியை நிறுத்திவிட்டால் பாடத்துக்கு மாற்று தேடுவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. புத்தகம் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறு மணி நேரத்துக்குத்தான் மாற்றுக் கிடைப்பதில்லை. என் மகள் நான்கு வருடம் வீட்டில் படித்தாள். மகன் இன்னும் வீட்டில்தான் படிக்கிறான். இந்தக் கட்டுரையில் முறைகள், ஆய்வுகள், சட்டங்கள் எல்லாம் வரும். ஆனால் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போவது இந்த இடத்தில்தான்.

2020இல் இதை உலகமே ஒரு முறை பார்த்தது. கொரோனாவால் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகள் மூடப்பட்டு, 150 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில் பெற்றோர்கள் புலம்பியது பாடத்திட்டத்தைப் பற்றியா? இடத்தைப் பற்றி, சத்தத்தைப் பற்றி, நேரத்தைப் பற்றி. அது வீட்டுக் கல்வி இல்லை, பள்ளிதான் கணினித் திரைக்கு இடம் மாறியிருந்தது என்று பலர் சொன்னார்கள். சரிதான். இருந்தாலும் அந்தச் சில மாதங்கள் நிறைய வீடுகளில் ஒரு கதவைத் திறந்துவிட்டன. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் எடுத்த சர்வேயில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக் கல்வி தருவதாகச் சொன்னவை 2020 வசந்த காலத்தில் 5.4 சதவீதம். அதே வருட இலையுதிர் காலத்தில் 11.1 சதவீதம். பள்ளியின் ஆன்லைன் வகுப்பை இதில் சேர்க்கக் கூடாது என்று தெளிவுபடுத்திக் கேட்ட பிறகும் வந்த எண்ணிக்கை இது.

இந்த வழிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கொள்கையோடு வருவதில்லை. ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியரின் புத்தகங்களைப் படித்துவிட்டு, கல்வி என்றால் என்ன என்று யோசித்து முடிவெடுத்தவர்கள் உண்டு. மத நம்பிக்கையால் வந்தவர்கள் உண்டு. அடிக்கடி ஊர் மாற வேண்டிய வேலையில் இருப்பவர்கள் உண்டு. அதே அளவுக்கு, தள்ளப்பட்டு வந்தவர்களும் உண்டு. வகுப்பில் கேலி தாங்காமல் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பிள்ளை. ஆட்டிசமோ டிஸ்லெக்சியாவோ இருந்து, அதைப் புரிந்துகொள்ள ஆளில்லாத பள்ளியில் மூலையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. இந்தப் பெற்றோரிடம் போய் "ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்" என்று கேட்டால் அவர்களுக்குச் சிரிப்புதான் வரும். தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வேறு எதுவும் மிச்சமிருக்கவில்லை. எங்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். மகளுக்கு எட்டு வயது. ஒரு ஆசிரியர் தினமும் வகுப்பின் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னதில் அவள் வாசிப்பதையே விட்டுவிட்டாள். பள்ளியோடு பேசிப் பார்த்தோம். நடக்கவில்லை. ஒரு வருடம் மட்டும் என்று நினைத்துதான் நிறுத்தினோம்.

வீட்டில் கற்பிப்பதற்கு ஒரே முறை என்று கிடையாது. ஒரு முனையில், பள்ளியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்கள்: கால அட்டவணை, பாடப்புத்தகம், வாரத் தேர்வு, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. மறுமுனையில் அன்ஸ்கூலிங்: பாடத்திட்டம் இல்லாமல், பிள்ளையின் ஆர்வப்படியே கற்கவிடுவது. இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அந்த ஹோல்ட்தான். பல வருடம் வகுப்பறையில் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனித்தவர். சரியான விடை சொல்லி ஆசிரியரிடமிருந்து தப்பிப்பதிலேயே பிள்ளைகளின் புத்தி செலவாகிறது என்று 1964இல் எழுதினார். அப்போது பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்றுதான் நம்பினார். நம்பிக்கை போன பிறகு, 1977இல் வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1985இல் அவர் இறந்த பிறகும் அது 2001 வரை வந்தது. அவர் சொன்னதைச் சுருக்கினால், பிள்ளைக்கு எது மேல் ஆர்வமோ அதன் பின்னால் போங்கள், பாடம் தானாக வரும். கேட்க எவ்வளவு சுகமாக இருக்கிறது! மழை நாளில், ஆர்வம் எதன் மேலும் இல்லாமல் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பின்னால் எப்படிப் போவது என்பதை நான் பிறகு சொந்தமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே நிறைய பேர் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் வாழ்ந்த சார்லட் மேசனின் (1842–1923) வழியை எடுத்துக்கொள்பவர்கள் அதில் அதிகம். சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் பதினைந்து இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. நல்ல புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு பிள்ளை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். வெளியே போய்ச் செடியையும் பறவையையும் பார்த்து நோட்டில் வரைய வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தைய இந்த யோசனை இன்றைக்கும் வீடுகளில் ஓடுவதற்குக் காரணம் எளிது. பதினைந்து நிமிடத்தை எந்த வீட்டிலும் எப்படியாவது ஒதுக்கிவிடலாம்.

மான்டிசோரி முறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1907இல் ரோமில் தொடங்கியது, இன்று எல்லோருக்கும் பெயராவது தெரியும். வீட்டில் அதை முழுமையாகச் செய்ய முயன்றால், பிள்ளை கையால் எடுத்துக் கற்கும் மரப்பொருட்களை வாங்கி அடுக்கவே ஒரு அறை வேண்டும்.

வீட்டுக் கல்வி என்றதும் பலரும் எடிசனை இழுத்துவருவார்கள். நான் இழுத்துவர விரும்புவது ஜான் ஸ்டூவர்ட் மில்லை. 1806இல் பிறந்த அந்தத் தத்துவஞானி பள்ளிக்கே போனதில்லை. மூன்று வயதில் கிரேக்கம் தொடங்கினார். எட்டு வயதில் லத்தீன். எல்லாம் அப்பா ஜேம்ஸ் மில்லிடம். அப்போது கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு அகராதி கிடையாது. லத்தீனுக்குத்தான் உண்டு, சிறுவனுக்கோ இன்னும் லத்தீன் தெரியாது. ஆகவே தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பாவைத்தான் கேட்க வேண்டும். அப்பா அதே மேஜையில் உட்கார்ந்து பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். உலகத்திலேயே பொறுமை இல்லாத மனிதர்களில் ஒருவர் என்று மகனே சொல்லும் அந்த ஆள், ஓயாத குறுக்கீட்டுக்கு நடுவே அந்தப் பெரிய நூலின் பல பாகங்களை எழுதி முடித்தார்.

வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எவருக்கும் இந்த மேஜை பழக்கமானதுதான். இரண்டாவதாக ஒன்றும் உண்டு. மில் தான் கற்றதை அப்படியே தம்பி தங்கைகளுக்குச் சொல்லித்தர வேண்டும், அவர்கள் தப்புச் செய்தால் பொறுப்பு அவருடையது. அது தனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது, அவர் எழுதாமல் விட்டது. ஒன்பது பிள்ளைகள் இருந்த வீடு அது. அந்த வீட்டை நடத்திய அம்மாவைப் பற்றித் தன்வரலாற்று நூலில் அவர் கிட்டத்தட்ட எதுவுமே சொல்லவில்லை. இருபது வயதில் தனக்கு வந்த மனச்சோர்வைப் பற்றி அத்தனை விரிவாக எழுதியவர். அப்பா மேஜையில் உட்கார முடிந்ததே, மற்ற எட்டுப் பேரையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டதால்தானே?

இனி எங்கள் மேஜைக்கு வருகிறேன்.

மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து. காலை பத்து இருபது. நாலில் மூன்று பெரியதா, மூன்றில் இரண்டு பெரியதா? ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்றை நாலாக மடிக்க வேண்டும், இன்னொன்றை மூன்றாக. நாலாக மடிப்பது சுலபம். மூன்றாக மடிப்பது அவ்வளவு சுலபமில்லை, கோணிக்கொண்டு போகிறது. அவள் எரிச்சலோடு மறுபடி மடிக்கிறாள். அதற்குள் தம்பி நாலாக மடித்த பட்டையை எடுத்துப்போய் அதில் கப்பல் செய்யப் பார்க்கிறான். போன் அடிக்கிறது. எடுக்க வேண்டிய போன். பேசிவிட்டு வந்தால் அக்காவும் தம்பியும் தரையில் உருண்டுகொண்டிருக்கிறார்கள், பட்டை இரண்டாகக் கிழிந்திருக்கிறது. நான் குரலை உயர்த்தி, "இப்போ உட்கார்ந்து முடிக்கணும்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ இப்ப டீச்சரா பேசறியா, அம்மாவா பேசறியா?"

பதில் தெரியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்குக் கணக்கு அவ்வளவுதான். ராத்திரி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருக்கும்போது, கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "நாலுல மூணுன்னா ஒரு துண்டு குறையுது. மூணுல ரெண்டுன்னாலும் ஒரு துண்டுதான் குறையுது. ஆனா நாலா போட்டதுல குறையற துண்டு சின்னது. அப்ப அதுதான் பெருசு, இல்லம்மா?"

இந்த மாதிரிக் கதைகளைத்தான் வீட்டுக் கல்விக்காரர்கள் எல்லோரும் சொல்வோம். உண்மையும்கூட. காகிதத்தில் தகராறு பண்ணியது துணியில் கூடிவந்தது. பகுதியைப் பொதுவாக்குவது, பெருக்குவது எதுவும் இல்லாமல், மிச்சத்தை ஒப்பிட்டு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சொல்லாமல் விடுவது அதற்கு முந்தைய இரண்டு வாரத்தை. அந்த இரண்டு வாரமும் பின்னம் என்ற பேச்சையே எடுக்க முடியாமல், மகனுக்குக் காய்ச்சல், எனக்கு வேலை நெருக்கடி, மேஜை மேல் மடிக்காத துணிக் குவியல் என்றே போயிருந்தது.

ஒரு வாரம் நான் ஒரு நோட்டில் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். உட்கார்ந்து சொல்லித்தந்தது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்கூட வரவில்லை. மிச்சமெல்லாம் வேறு வேலை: எடுத்து வைப்பது, தேடித் தருவது, சண்டை விலக்குவது, "அம்மா" என்ற அழைப்புக்கு "என்னடா" என்று தலையைத் திருப்புவது. அந்தத் திரும்புதல்தான் ஆளைக் களைக்க வைப்பது. தொடர்ந்து அரை மணி நேரம் ஒன்றை யோசிக்க முடியாது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவியல் சொல்லித்தருவார். மிக நன்றாகவே சொல்லித்தருவார், பல்பும் பேட்டரியும் வைத்துக்கொண்டு. உறவினர் ஒருவரிடம் அவர், "நாங்க ரெண்டு பேருமே சேர்ந்துதான் சொல்லித்தரோம்" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. பாடத்தைப் பாதியாகப் பிரித்திருந்தோம். பொழுதைப் பிரிக்கவில்லை. அந்த நோட்டை அவரிடம் காட்டிய பிறகுதான் வாரத்தில் இரண்டு காலைகள் அவர் பொறுப்பு என்று ஆயிற்று. அதற்காக அவர் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார், சம்பளத்திலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். பெரும்பாலான வீடுகளில் இது முடியாது என்பதும் தெரியும். வீட்டுக் கல்விக்குச் செலவு குறைவு என்று யாராவது சொன்னால், அந்த வீட்டில் யாருடைய சம்பளம் நின்றுபோனது என்று கேட்டுப் பார்க்கலாம்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இதைச் செய்வதே இல்லை என்று நினைக்க வேண்டாம். செய்கிறார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, இன்று உன் வீடு, நாளை என் வீடு என்று முறை வைத்துக்கொள்வார்கள். இதற்கு கோ-ஆப் என்று பெயர். நல்ல ஏற்பாடு. ஒரு குடும்பம் ஊர் மாறினால் கலைந்துவிடும்.

சரி, ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளை என்ன கற்கும்? இதற்குப் பதில் அவ்வளவு பயமுறுத்துவதாக இல்லை. முப்பது நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் வருகைப்பதிவு, வரிசை, அமைதிப்படுத்துவது, மற்றவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பது என்று நிறைய நேரம் போகிறது. அது ஆசிரியரின் குற்றமில்லை, கூட்டத்தின் இயல்பு. ஒருவருக்கு ஒருவர் என்று உட்கார்ந்தால் தெரிந்ததைத் தாண்டிப் போகலாம், தெரியாததில் நிற்கலாம். 1984இல் பெஞ்சமின் ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். தனி ஆசிரியரிடம், ஒன்றைச் சரியாகப் புரிந்த பிறகே அடுத்ததற்குப் போகும் முறையில் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்த நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரைத் தாண்டியிருந்தார் என்றது அது. பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. தனியாகச் சொல்லித்தருவது பலன் தரும் என்பது மட்டும் நின்றது. அதிலும் ப்ளூம் பேசியது பயிற்சி பெற்ற ஆசிரியரைப் பற்றி. ஒரு கையில் போனும் மறு கையில் கிழிந்த பட்டையுமாக நிற்கிற அம்மாவைப் பற்றி இல்லை.

வீட்டில் படித்தவர்கள் தேர்வுகளில் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று அடிக்கடி எண்கள் சுற்றும். அவற்றைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் பலவும், தாங்களாக முன்வந்த குடும்பங்களை வைத்துச் செய்யப்பட்டவை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வீடுதான் "வாங்க, சோதிச்சுப் பாருங்க" என்று கூப்பிடும். படித்த பெற்றோர், ஓரளவு வசதி, அப்பா அம்மா இருவரும் உள்ள குடும்பம் எல்லாம் சேர்ந்து வந்த மதிப்பெண்ணை வீட்டுக் கல்வியின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. இதைக் கொஞ்சம் கவனமாகச் செய்த ஒரு கனடிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஐந்து முதல் பத்து வயதுக்குள், வீட்டில் படிக்கும் 37 பிள்ளைகள், பள்ளியில் படிக்கும் 37 பிள்ளைகள். வீட்டில் ஒழுங்கான பாடத்திட்டத்தோடு படித்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளைவிட முன்னால் இருந்தார்கள். பாடத்திட்டம் இல்லாமல் விடப்பட்டவர்கள் பின்தங்கியிருந்தார்கள். அப்படி விடப்பட்டவர்கள் வெறும் 12 பேர். பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து ஒரு முறைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. அன்ஸ்கூலிங் செய்கிறவர்களும், இது பள்ளித் தேர்வுதானே, எங்கள் பிள்ளைகள் கற்றது வேறு என்பார்கள். அதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் பத்து வயதில் வாசிக்கத் திணறும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாதத்தைச் சொல்ல எனக்கு மனம் வராது.

பள்ளியிலிருந்து எடுத்த பிள்ளைக்கு முதல் சில மாதங்கள் பாடமே வேண்டாம் என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை. டீஸ்கூலிங் என்பார்கள். பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதம் என்று ஒரு கணக்குக்கூடச் சொல்வார்கள். ஆய்வு செய்து வந்த கணக்கு இல்லை, அனுபவக் கணக்கு. என் மகள் ஐந்து மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. ஆறாவது மாதம் தம்பிக்குக் கதை வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள், கதவைச் சாத்திக்கொண்டு. நான் கேட்கக் கூடாதாம். அந்த ஐந்து மாதமும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. இளைப்பாறல் பிள்ளைக்கு என்கிறார்கள். பயத்திலிருந்து வெளியே வர வேண்டியது பெரும்பாலும் பெற்றோர்தான்.

அப்புறம், சட்டம். இதில் நாட்டுக்கு நாடு எதிரெதிர். இங்கிலாந்தின் 1944 கல்விச் சட்டம், பிள்ளைக்குக் கல்வி கிடைக்கச் செய்வது பெற்றோரின் கடமை என்றது. பள்ளிக்கு ஒழுங்காக அனுப்பியோ "அல்லது வேறு வழியிலோ" என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த "வேறு வழி"யில்தான் அங்கே வீட்டுக் கல்வி இன்று வரை நிற்கிறது. அமெரிக்காவில் 1993க்குள் எல்லா மாநிலங்களிலும் அனுமதி வந்துவிட்டது. சில மாநிலங்களில் யாருக்கும் தெரிவிக்கக்கூடத் தேவையில்லை, சிலவற்றில் வருடாவருடம் மதிப்பீடு காட்ட வேண்டும். ஜெர்மனி நேர் எதிர். கல்வி கற்பது மட்டும் போதாது, பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். மறுத்த குடும்பங்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போயின. 2006இலும் 2019இலும் நீதிமன்றம் ஜெர்மனியின் பக்கமே நின்றது. சுவீடன் தன் புதிய கல்விச் சட்டத்தால் 2011 முதல் மிக அரிதான சூழ்நிலை தவிர மற்றதற்குக் கதவைச் சாத்திவிட்டது. பிரான்சில் 1882இலிருந்தே கட்டாயம் கல்விக்குத்தான், பள்ளிக்கு இல்லை. தெரிவித்தால் போதும் என்றிருந்தது. 2021இல் வந்த சட்டம் அதை மாற்றி, 2022 முதல் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்றது. சிங்கப்பூரில் 2003 முதல் தொடக்கக் கல்விக்குப் பள்ளி கட்டாயம். வீட்டில் படிக்க விலக்குப் பெற வேண்டும், தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் குறிப்பிட்ட தரத்தையும் தொட வேண்டும். இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் இல்லை.

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே இழுபறிதான்: பிள்ளை யாருடைய பொறுப்பு? 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம், எந்த வகைக் கல்வி என்பதைத் தீர்மானிப்பதில் பெற்றோருக்கே முதல் உரிமை என்கிறது. பிள்ளைக்கும் தனி உரிமை உண்டே என்பது மறுபக்கம். பள்ளி ஆசிரியர் என்பவர் வீட்டுக்கு வெளியே பிள்ளையைத் தினமும் பார்க்கிற இன்னொரு பெரியவர். வீட்டில் அடி வாங்கும் பிள்ளையின் கையில் உள்ள தழும்பை முதலில் பார்ப்பவர் பல நேரங்களில் அவர்தான். அந்தக் கண் இல்லாமல் போவதைப் பற்றி அரசுகள் கவலைப்பட்டால் அதில் தப்பு இல்லை. "எங்க வீட்டு விஷயத்துல நீங்க யாரு" என்று கோபப்படும் சக பெற்றோர்களோடு எனக்கு இந்த ஒரு இடத்தில் ஒத்துப்போவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை வெளியாள் ஒருவர் வந்து பிள்ளையோடு பேசிவிட்டுப் போனால் எதுவும் குறைந்துவிடாது.

பழகுவதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன், சுருக்கமாக. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் ஊமையாக வளர்கிறார்கள் என்பது பெரும்பாலும் கற்பனை. பெரியவர்களோடு, வயதில் சின்னவர்களோடு அவர்கள் சகஜமாகப் பேசுவார்கள். குறைவது வேறொன்று. பிடிக்காத ஆளோடு தினமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, சண்டை போட்டு, மறுநாள் வேறு வழியில்லாமல் சமாதானமாவது. வீட்டுக் கல்வியில் நட்பு என்பது பெற்றோர் ஏற்பாடு செய்கிற சந்திப்பு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, யாராவது கூட்டிப்போனால். ஏழு வயது வரை இது போதும். பதினொன்று பன்னிரண்டில் போதாது. அந்த வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு சிநேகிதி வேண்டும்.

பரீட்சைக்கு வழிகள் இருக்கின்றன. தனித்தேர்வராக எழுதலாம். கேம்பிரிட்ஜ் தேர்வுகளைப் பள்ளியில் சேராமல் மையங்கள் வழியாக எழுதுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. இந்தியாவில் 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடிக்கலாம், ஒரே நேரத்தில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டும் என்று இல்லை. ஆய்வகப் பயிற்சி தேவைப்படும் பாடங்களுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். எந்தத் தேர்வு என்பதைப் பதின்மூன்று வயதுக்குள் ஓரளவு முடிவு செய்துவைத்தால் போதும். நாலு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு கல்லூரியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் அடுத்த செவ்வாய்க்கிழமை காலையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று முடிவு செய்யுங்கள்.

நிறுத்துவதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. பாதியில் பள்ளிக்குத் திரும்புவது தோல்வி என்று ஒரு எண்ணம் இருக்கிறது. வருடாவருடம், பிள்ளைக்குப் பிள்ளை தனியாக யோசித்து முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. ஒரு பிள்ளை பள்ளியில், இன்னொன்று வீட்டில் என்பது நான் பார்த்தவரை அபூர்வம் இல்லை. எங்கள் வீட்டிலும் கேள்வியைக் கிளப்பியது மகள்தான். பன்னிரண்டு வயது. "அம்மா, நான் ஸ்கூலுக்குப் போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் கழித்து, சுருக்கென்றது அவளுக்காக இல்லை என்று புரிந்தது. வேறொரு பள்ளி, சின்னதாக ஒரு நுழைவுத் தேர்வு, மூன்று வாரத்தில் சேர்ந்துவிட்டாள்.

பாடத்தில் பெரிய தடங்கல் இல்லை. இலக்கணத்தில் மட்டும் ஓட்டைகள் இருந்தன, அவை என்னுடையவை. முதல் வாரம் முடிந்து எது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணு நல்லா செஞ்சிட்டிருக்கும்போதே மணி அடிச்சிடறாங்க" என்றாள். பாத்ரூம் போகக் கையைத் தூக்குவதும் சிரிப்பாக இருந்ததாம். மதியம் சிநேகிதிகளோடு உட்கார்ந்து என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அவள் போன முதல் திங்கட்கிழமை, மேஜையில் மகன் மட்டும் உட்கார்ந்திருந்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. பத்து இருபதுக்குள் அன்றையக் கணக்கை முடித்துவிட்டு, "அக்கா எப்ப வருவா?" என்றான். மூன்றரைக்கு என்றேன். மூன்றரை என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டான். சுவரில் முள் கடிகாரத்தைக் காட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, எட்டு வயதாகியும் அவனுக்கு அதைப் பார்க்கத் தெரியாது. வீட்டில் அதுவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. நாற்காலியை இழுத்துக் கடிகாரத்துக்குக் கீழே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மதியத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டான்.